ஆன்கி: அதிகம் பேசாதவர்களின் மொழிப் பயிற்சிக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

புது மொழி படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் தருகிற முதல் யோசனை, "தைரியமா வாயைத் திறந்து பேசு, தப்பானாலும் பரவாயில்ல" என்பதுதான். நாலு பேரோடு பேசினால் உற்சாகம் ஏறுகிறவருக்கு அது சரி. முன்பின் தெரியாதவரோடு அரை மணி நேரம் பேசினாலே களைத்துப்போய், அப்புறம் கொஞ்ச நேரம் தனியாக இருந்தால்தான் தெளிகிறவருக்கு அந்த யோசனை உதவாது. குழு வகுப்பில் சேருவார், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். மொழி அவருக்கு வராமல் இல்லை. கூர்ந்து கேட்பதும், ஒரே வரியைப் பத்து முறை அலுக்காமல் பார்ப்பதும், எழுத்தில் ஆழ்வதும் இன்ட்ரோவர்ட்களுக்கு இயல்பாகவே கைவருபவை. அந்தப் பலத்தை வைத்துத் தொடங்கி, பேச்சுவரை போய்ச்சேர ஒரு பாதை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பாதையின் பெரும்பகுதியை ஆன்கி என்ற அட்டைப் பயிற்சிச் செயலி போட்டுத் தருகிறது. ஆனால் நிறுவியபடியே அப்படியே வைத்துக்கொண்டால் கண்ணுக்கு மட்டும்தான் பயிற்சி. ஒரு வார்த்தையும் உரக்கச் சொல்லாமலேயே ஆயிரக்கணக்கான அட்டைகளை முடித்துவிடலாம். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி அதன் தரத்தைப் பற்றியது, மீதி அதை எப்படி மாற்றி அமைக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். ஆன்கி ஒரு மின் அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பதிலைப் பார்த்ததும் எகெய்ன், ஹார்டு, குட், ஈசி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்துகிறீர்கள். அதை வைத்து அந்த அட்டை மறுபடி எந்த நாளில் வரவேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. டேமியன் எல்ம்ஸ் என்ற நிரலாளர் ஜப்பானிய மொழி படிக்கும்போது உருவாக்கி, 2006இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் 'ஆன்கி' என்றால் மனப்பாடம். இதன் பின்னால் உள்ள யோசனை இன்னும் பழையது. மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து எழுதியது 1885இல். ஆன்கி பல ஆண்டுகள் பயன்படுத்திய எஸ்எம்-2 என்ற கணக்கு, போலந்தைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987இல் உருவாக்கியதை ஒட்டியது. 2023 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கும் உள்ளேயே கிடைக்கிறது.

கணினிக்கு இலவசம். ஆண்ட்ராய்டுக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் ஆன்கிட்ராய்டும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் மொத்தத் திட்டத்தையும் தாங்குகிறது. கட்ட விருப்பமில்லை என்றால் உலாவியிலேயே ஆன்கிவெப் தளத்தில் அட்டைகளைப் பார்க்கலாம். கடைகளில் இதே பெயரைச் சாயலாக வைத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத செயலிகளும் உண்டு, ஆன்கியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து போகும் இணைப்பு வழியாக இறக்குவது நல்லது.

அமைதியான சுபாவக்காரருக்கு இதில் முதலில் பிடித்துப்போவது, இதில் மனிதர்கள் யாரும் இல்லை என்பது. நண்பர் அழைப்பு இல்லை, வாராந்திரப் போட்டிப் பட்டியல் இல்லை, "இன்று உன்னைக் காணவில்லையே" என்று வருத்தப்படும் பொம்மை இல்லை. ஒரே வினைச்சொல்லில் ஏழு முறை தவறினாலும் யாருடைய முகமும் மாறாது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வகுப்பில் தவறு செய்யும்போது பாதி கவனம் மொழியில் இருக்கும், மீதிக் கவனம் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைத்தார் என்பதில் போய்விடும். இங்கே முழுக் கவனமும் மொழிக்கே கிடைக்கிறது. உண்மையிலேயே பெரிய நிம்மதி இது.

இனி அமைப்புகள். இயல்பு அமைப்பில் நாளுக்கு 20 புது அட்டைகள், 200 மீள்பார்வை என்று இருக்கும். இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் அதிகம். இன்று சேர்க்கும் புது அட்டைகள் நாளையும் மறுநாளும் அடுத்த வாரமும் திரும்பி வரும். சில வாரங்கள் கழிந்ததும் தினசரி மீள்பார்வை, புது அட்டை எண்ணிக்கையின் பத்து மடங்கு வரை ஏறும். 20 போட்டால் 200. அட்டைக்குப் பத்து நொடி என்றாலும் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பழகும் அட்டை என்றால் பதினைந்து நொடி பிடிக்கும். நாளுக்கு 6 புது அட்டை போதும். 60 மீள்பார்வை, பதினைந்து நிமிடம். ஒரு வருடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் அட்டைகள் சேர்ந்துவிடும். முதல் வாரத்து உற்சாகத்தில் 40 என்று போட்டுவிட்டு, இரண்டாம் மாதம் மலைத்துப்போய் மொத்தத்தையும் அழிப்பதுதான் ஆன்கியில் நடக்கும் மிகப் பொதுவான விபத்து.

இரண்டாவது விபத்து கொஞ்சம் நுட்பமானது. உள்முக இயல்புள்ளவர்களில் பலர் தங்களைக் கறாராக மதிப்பிடுபவர்கள். பதில் சரியாக வந்தாலும், "கொஞ்சம் தயங்கினேனே" என்று ஹார்டு பொத்தானை அழுத்துவார்கள். பழைய எஸ்எம்-2 கணக்கில் இதன் விலை அதிகம். ஒவ்வொரு அட்டைக்கும் 250 சதவீதம் என்று ஓர் எளிமை எண் தரப்படுகிறது, குட் அழுத்தினால் இடைவெளி அத்தனை மடங்கு நீளும். எகெய்ன் அழுத்தினால் அது 20 புள்ளி குறையும், ஹார்டு அழுத்தினால் 15 புள்ளி குறையும். குட் அழுத்தினால் ஏறாது. ஈசி மட்டும்தான் 15 ஏற்றும். 130க்குக் கீழே போகாது என்பதுதான் ஒரே ஆறுதல். பத்து நாள் இடைவெளியில் வந்த அட்டைக்கு குட் என்றால் அடுத்து சுமார் 25 நாள், ஹார்டு என்றால் 12 நாள். ஆகவே தன்மேல் கண்டிப்பாக இருப்பவரின் பெட்டி மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். நன்றாகத் தெரிந்த அட்டைகளே திரும்பத் திரும்ப வரும், புதியதற்கு நேரம் இருக்காது. படிப்பவருக்கோ தன் நினைவாற்றல் மோசம் என்று தோன்றும். பிரச்சினை நினைவாற்றலில் இல்லை, பொத்தானில்.

இதற்கு இரண்டு தீர்வுகள். டெக் என்பது ஓர் அட்டைத் தொகுப்பு, அதன் டெக் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் எஃப்எஸ்ஆர்எஸ்ஸை இயக்குங்கள். அதில் 'டிசையர்டு ரிடென்ஷன்' என்ற இலக்கு 0.90 என்று இருக்கும். அதாவது அட்டை திரும்ப வரும் நாளில் பத்துக்கு ஒன்பது முறை நினைவில் இருக்க வேண்டும் என்பது குறி. அதை 0.95 என்று உயர்த்த ஆசை வரும், வேண்டாம். மறதியைப் பாதியாக்க வேலை மிக அதிகமாகிவிடும். கூடவே, புது அட்டையை முதலில் திரும்பக் காட்டும் இடைவெளிகளான லேர்னிங் ஸ்டெப்ஸ் ஒரு நாளுக்கு உட்பட்டதாகவே இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினால், உங்கள் மறதி வேகத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது தீர்வு, எகெய்ன், குட் என்ற இரண்டு பொத்தான்களோடு நின்றுவிடுவது. வந்ததா, குட். வரவில்லையா, எகெய்ன். எஃப்எஸ்ஆர்எஸ்ஸில் ஹார்டு என்பதும் தேர்ச்சிதான். மறந்த அட்டைக்கு அதை அழுத்தினால், நினைவில் இருந்ததாகவே கணக்கு பதிந்துகொள்ளும். மறந்தால் எகெய்ன் அழுத்த வெட்கப்பட வேண்டியதில்லை, பார்ப்பவர் யாருமில்லை.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். பேச்சுக்குத் தயங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் அட்டையின் வடிவம். முன்பக்கம் வெளிமொழிச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் அட்டை. அது அடையாளம் காணும் பயிற்சி. படித்தால் புரியும், பேச வாய் எழாது. உரையாடலில் தேவைப்படுவது எதிர்த்திசை. மனதில் ஒரு நோக்கம் எழுகிறது, அதற்கான வாக்கியம் நாக்கில் வர வேண்டும். அதுவும் சீக்கிரம் வர வேண்டும். 2009இல் வெளியான, 10 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லிநொடி மட்டுமே இருந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு நொடி யோசித்து சரியாகச் சொன்ன அட்டைக்கு ஆன்கி முழு மதிப்பெண் தருகிறது. மனிதர் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

எனவே முன்பக்கத்தில் சொல்லுக்குப் பதிலாகச் சூழலை எழுதுங்கள். "அவர் சொன்னது காதில் விழவில்லை, மரியாதையாகத் திரும்பக் கேள்" என்று தமிழில் முன்பக்கம். பின்பக்கம் ஜெர்மன் ஒலிப்பதிவு, "வீ பிட்டே?" அட்டை வந்ததும் பதிலைப் பார்க்கும் முன் உரக்கச் சொல்ல வேண்டும். உதட்டை அசைத்தால் போதாது, அடுத்த அறைக்குக் கேட்கும் அளவு குரல் வேண்டும். பிறகு ஸ்பேஸ் தட்டினால் தாய்மொழியாளர் குரல் ஒலிக்கும். கணினிப் பதிப்பில் ஷிஃப்ட்டோடு வி விசையை அழுத்தினால் உங்கள் குரலைப் பதிவு செய்யும். வி மட்டும் அழுத்தினால் அதைத் திரும்ப ஒலிக்கும். ஆர் விசை அசல் குரலை மறுபடி தரும். ஆர், வி, ஆர், வி என்று மாற்றி மாற்றி இரண்டு சுற்றுக் கேளுங்கள். எங்கே நீட்டுகிறோம், எங்கே அழுத்தம் தவறுகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். தன் குரலைப் பதிவில் கேட்பது முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தை ஆளில்லாத அறையில் தீர்த்துக்கொள்ள முடிகிறது என்பது ஆன்கியின் ஆகச்சிறந்த பரிசு. பலர் வருடக்கணக்கில் ஆன்கி பயன்படுத்தியும் இந்த வி விசை இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

வேகத்துக்கும் வழி இருக்கிறது. டெக் ஆப்ஷன்ஸில் ஆட்டோ அட்வான்ஸ் என்ற பகுதியில், கேள்வியை எத்தனை நொடி காட்ட வேண்டும் என்று குறிக்கலாம். முதல் மாதம் 8 நொடி, பழகிய பிறகு 4 என்று இறக்குங்கள். படிக்கும் திரையின் மோர் மெனுவில் ஆட்டோ அட்வான்ஸை இயக்கிவிட்டால், நேரம் முடிந்ததும் பதில் தானாகத் திறக்கும். அதற்குள் வாயில் வராதது எகெய்ன். எல்லா அட்டைக்கும் இது வேண்டாம், பேச்சு வாக்கியங்களைத் தனி டெக்காக வைத்து அதற்கு மட்டும் போடுங்கள். எழுத்து, இலக்கண அட்டைகளுக்கு அவசரம் தேவையில்லை.

பேச்சு டெக்கில் முதலில் என்ன சேர்ப்பது? வணக்கம், நலமா என்பவை எப்படியும் வந்துவிடும். தயங்குபவருக்கு உயிர்காப்பது நேரம் வாங்கும் சொற்கள். யோசிக்க இரண்டு நொடி கேட்டுப் பெறும் சொற்கள் எல்லா மொழியிலும் உண்டு. ஜெர்மனில் "மொமென்ட் மால்", ஸ்பானியத்தில் "ஆ வேர்", ஜப்பானியத்தில் "ஏத்தோ". இவை கையில் இருந்தால் மௌனம் தடுமாற்றமாகத் தெரியாது, யோசனையாகத் தெரியும். அடுத்தது, கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் சொற்கள். அமைதியாகக் கேட்பது மரியாதை என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர் ஜப்பானிய உரையாடலில் சிக்கிக்கொள்வார். அங்கே எதிரில் இருப்பவர் பேசப் பேச நடுவில் "ஹை", "ஸோ தேஸ் நே" என்று ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு 'ஐசுச்சி' என்றே பெயர். அது வராவிட்டால், நீங்கள் கவனிக்கவில்லையோ என்று பேசுபவர் தடுமாறுவார். இப்படி நேரம் வாங்க 10, ஈடு கொடுக்க 10, திரும்பக் கேட்க 5, விடைபெற 5 என்று முப்பது அட்டைகளை எல்லாவற்றுக்கும் முன் முடித்துவிடுங்கள். விடைபெறும் வாக்கியங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேச்சை எப்படி முடிப்பது என்று தெரிந்தால்தான் தொடங்கவே துணிவு வரும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லை, உங்கள் அட்டையில் அதைச் செய்யாதீர்கள். ஜெர்மனில் தோட்டத்துக்கு ஒரு சொல், சீட்டுகளுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'கார்ட்டன்' என்றுதான் வரும். முதல் ஒலி தோட்டத்தில் 'கங்கை'யின் முதல் எழுத்துப் போலத் தொண்டை அதிர வேண்டும், சீட்டில் 'கண்' போல அதிராமல் கொஞ்சம் காற்றோடு வர வேண்டும். ஒரே 'க'வுக்குள் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதற்குப் பதில் ஒலி ஜோடி அட்டைகள் செய்யுங்கள். முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் எழுத்தும் படமும். இரண்டு சொல்லுக்கும் தனித்தனி அட்டை. ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். அதற்கும் இதே முறைதான். ஒரே ஆளின் குரலை மட்டும் வைத்தால் காது அந்தக் குரலையே மனப்பாடம் செய்துவிடும், இரண்டு மூன்று பேரின் குரல்கள் வேண்டும். ஃபோர்வோ தளத்தில் ஒரே சொல்லைப் பலர் உச்சரித்த பதிவுகள் கிடைக்கும். வாக்கியங்களுக்கு டாட்டோயிபா தளம் இருக்கிறது. யாரும் எழுதலாம் என்பதால், அங்கிருந்து எடுக்கும் வாக்கியத்தை எழுதியவர் அம்மொழியின் தாய்மொழியாளரா என்று பார்த்து எடுங்கள். குரல் கிடைக்காத வாக்கியத்தை, அட்டையின் டெம்ப்ளேட்டில் எழுத்தைக் குரலாக்கும் டிடிஎஸ் வசதியைச் சேர்த்துக் கணினியையே படிக்க வைக்கலாம், தற்காலிகமாகப் போதும்.

ஓர் அட்டைக்கு ஒரு விஷயம் என்பது மாறாத விதி. ஸ்பானிய 'யேவார்' என்ற வினைக்கு எடுத்துச்செல், அணி, இவ்வளவு காலமாக இரு என்று பல பொருள்கள். எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினால் எதைச் சொன்னால் சரி என்றே தெரியாது, அட்டை தொடர்ந்து தவறும். எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆன்கி 'லீச்' என்று அடையாளம் ஒட்டும். பொருளுக்கு ஒரு வாக்கியம் எடுத்து, குளோஸ் வகை அட்டையில் அந்தச் சொல்லை மட்டும் மறைத்துக் கேட்பது சரியான முறை. "யேவோ தோஸ் ஆன்யோஸ் அக்கீ", இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. லீச் அட்டையை இன்னும் கடுமையாகப் படித்துப் பயனில்லை, உடைத்து எழுதுங்கள் அல்லது தூக்கிப்போடுங்கள்.

பிறர் செய்து பகிர்ந்த டெக்குகள் ஏராளம். முதல் சில நூறு சொற்களுக்கு, தாய்மொழியாளர் குரலோடு இருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நீங்களே செய்வதுதான் நிற்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தோற்றம் பழையது. மெனுக்களில் விளக்கம் குறைவு, முதல் வாரம் பலர் திணறுகிறார்கள். புதுச் சாதனத்தில் முதல் முறை ஒத்திசைக்கும்போது அப்லோடா டவுன்லோடா என்று ஒரு கேள்வி வரலாம். சில அட்டைகளே உள்ள புதுச் சாதனத்தில் அப்லோடு என்று அழுத்தினால், ஆன்கிவெப்பில் சேமித்திருந்த மொத்தமும் அந்தச் சில அட்டைகளால் மாற்றப்படும். அழுத்தும் முன் பழைய சாதனத்தில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து, ஒலிப்பதிவுகளையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்துவைத்தால் பயமில்லை. பத்து நாள் விட்டுப்போனால் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும், எழுந்து ஓடத் தோன்றும். புது அட்டையைப் பூஜ்யமாக்கி, நாளுக்கு 50 என்று எல்லை வைத்தால் தீர்ந்துவிடும். ஒரே நாளில் தீர்க்க முயல்வதுதான் தவறு.

பெரிய குறை ஒன்று உண்டு, அது ஆன்கியின் கையிலும் இல்லை. இதில் எதிர்பாராத கேள்வி வராது. பாதுகாப்பான அறை என்பதாலேயே அங்கேயே தங்கிவிடத் தோன்றும். 'இன்னும் ஐந்நூறு சொல் முடித்துவிட்டுப் பேசலாம்' என்ற எண்ணத்துக்கு எல்லையே இல்லை. முப்பது அட்டைகளும் 4 நொடிக்குள் வரத் தொடங்கிய வாரத்திலேயே வெளியே ஒரு காலை வையுங்கள். மொழி பழகுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் டாண்டம், ஹலோடாக் போன்ற செயலிகளில் குரல் செய்தி அனுப்பலாம். அது இன்ட்ரோவர்ட்களுக்கு ஏற்ற நடுப்பாலம். பதிவு செய்து, பிடிக்கவில்லை என்றால் அழித்து, மறுபடி பேசி அனுப்பலாம். பதில் எப்போது வந்தாலும் உங்களுக்கு வசதியான நேரத்தில் கேட்கலாம். அதற்கடுத்த படி ஐடாக்கி போன்ற தளங்களில் ஒரே ஓர் ஆசிரியரோடு அரை மணி நேரம். குழு வேண்டாம். என்ன பேசப்போகிறோம் என்று இரண்டு தலைப்புகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் அதை வரவேற்கவே செய்வார்கள். வாரத்துக்கு ஒன்று போதும், மறுநாள் ஓய்வாக இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பேசும்போது ஒரு தாள் பக்கத்தில் இருக்கட்டும். சொல்ல நினைத்தும் சொல்ல முடியாமல் போனதை அந்த நொடியே தமிழில் இரண்டு சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவுக்குள் அதிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்து, அதே சூழலை முன்பக்கமாக வைத்து அட்டையாக்குங்கள். முடிந்தால் ஆசிரியரின் குரலிலேயே பதில் வாக்கியத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறாவதை விட்டுவிடலாம். அது முக்கியமானதென்றால் அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் தடுக்கும், அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.